புல்லட் சத்தமும் பேஸ் கம்பியும்

கல்யாண ரிசப்ஷன்களில் லைட் மியூசிக் கோஷ்டியைக் கவனித்திருப்பீர்கள். பாடுகிறவர்களுக்கு முன்வரிசை. கீபோர்டு, டிரம்ஸ், தபேலாவுக்கு ஆளுக்கொரு விளக்கு. மேடையின் ஓரத்தில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், நீளக் கழுத்துள்ள கிடாரை மாட்டிக்கொண்டு ஒருத்தர் நிற்பார். வீடியோக்காரர் அவர் பக்கம் திரும்புவதே இல்லை. அவர்தான் பேஸ் கிடார். நாலே நாலு கம்பி. அவர் வாசிப்பது பெரும்பாலோர் காதில் தனியாக விழாது. ஆனால் அவர் நிறுத்திவிட்டால் மொத்தப் பாட்டும் கால் உடைந்த நாற்காலி மாதிரி ஆடும்.

சந்தேகமிருந்தால் ஒரு சின்னப் பரிசோதனை. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வைப் போடுங்கள். எல்லோரும் அந்தக் கிடாரைத்தான் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது தனியாக இன்னொரு பாட்டு பாடிக்கொண்டிருக்கும். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த வாரம் பேசப்போவது பேஸ் வாசிக்கிறவரைப் பற்றிக்கூட அல்ல, அவர் மாட்டுகிற கம்பியைப் பற்றி. ‘கம்பியைப் பற்றி ஒரு பக்கமா?’ என்று கேட்காதீர்கள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கானா பாடுகிற பசங்களுக்கு இது சோற்றுப் பிரச்னை. கேட்கிற நமக்கு ரசனைப் பிரச்னை.

பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் ஒரு எஃகு நரம்பு. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். தடவினால் அரம் மாதிரி நறநறக்கும். ரிப்பன் மாதிரி தட்டையாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். தடவினால் வழுவழு. வீணை வாசிப்பவர்களுக்கு இந்தச் சங்கதி சொல்லாமலே புரியும். அங்கேயும் மந்தர, அனுமந்தரக் கம்பிகள் சுற்றின கம்பிகள்தான். விரல் வழுக்க வேண்டுமே என்று தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு வாசிப்பார்கள். ஃப்ளாட்வவுண்ட் என்பது எண்ணெயைக் கம்பியிலேயே தடவி விற்கிற மாதிரி.

சத்தத்தில் என்ன வித்தியாசம்? ரவுண்ட்வவுண்டில் ‘ணங்’ என்று ஒரு மணிச் சத்தம் இருக்கும். ஒரு சுரத்தைத் தட்டினால் அதன் மேல் சுரங்களும் சேர்ந்து நெடுநேரம் ஒலிக்கும். ஃப்ளாட்வவுண்டில் அந்த மினுமினுப்பு குறைவு. ‘தும்’ என்று வரும், சட்டென்று அடங்கும். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க டிக்‌ஷனரி வேண்டாம். திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டையும், சீறிக்கொண்டு போகிற ரேஸ் பைக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் பைக் காதில் கேட்கும். பழைய புல்லட் வயிற்றில் கேட்கும். ஃப்ளாட்வவுண்ட், புல்லட் கட்சி.

வண்டி என்றதும் டெட்ராய்ட் ஞாபகம் வருகிறது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூருக்கு எப்படியோ, அப்படித்தான் அமெரிக்காவில் டெட்ராய்ட்டுக்கு கார் கம்பெனிகள். அங்கே கார் தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர் 1959-ல் ஆரம்பித்த இசைக் கம்பெனிதான் மோடவுன். மோட்டார் டவுன் என்பதன் சுருக்கம். அங்கே 60-களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், லாபெல்லா கம்பெனியின் தடிமனான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்கு ஏற ஏற சத்தம் நன்றாக இருக்கிறது என்பது அவர் கட்சி. பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்தார். பல வருடம் ரெக்கார்டு அட்டையில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. 1983-ல் இறந்துபோனார். இன்றைக்கும் உலகத்தில் பேஸ் கற்கிறவர்கள் அவர் வாசித்ததை நோட்டு நோட்டாக எழுதிப் படிக்கிறார்கள்.

சரி, நம்ம ஊர் கானாவுக்கு வருவோம். கானாவின் உயிர் சொல்லில் இருக்கிறது. மரண கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். துக்க வீட்டு வாசலில் ராத்திரி பூராவும் உட்கார்ந்து, செத்தவர் பேர், அவர் பார்த்த வேலை, பிள்ளைகள் பேர், சாவு எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் பாட்டில் வைப்பார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கியவருக்கு, காசிமேட்டில் வலை இழுத்தவருக்கு எந்தப் பேப்பரிலும் இரங்கல் வராது. அந்தப் பாட்டுதான் அவருக்கு வந்த ஒரே இரங்கல் கட்டுரை. ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் கானா பாலா பாடிய ‘இறந்திடவா நீ பிறந்தாய்’ கேட்டவர்களுக்கு இது புரியும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையேறியபோது கானாவும் கிடாரும் டிரம்ஸும் பறையும் ஒன்றாக நின்றன. அதற்குப் பிறகு கானாவோடு பேண்டு சேர்ப்பது பேஷனாகிவிட்டது. நல்லதுதான்.

கெட்டது எங்கே ஆரம்பிக்கிறது என்றால், மிக்ஸிங்கில். சமீபத்திய கானா ரெக்கார்டிங்குகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வியாதி தெரியும். ஒன்று, கம்ப்யூட்டரில் தட்டிய ராட்சச பேஸ். அது சட்டி, டோலக் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறது. இரண்டு, நிஜமான பேஸ் கிடார்தான், ஆனால் புத்தம்புது ரவுண்ட்வவுண்ட். ‘ணங் ணங்’ என்று மேலே வந்து முட்டுகிறது. தமிழில் ச, த, ட போன்ற மெய்யெழுத்துக்களின் கூர்மை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. புதுக் கம்பியின் கிறீச்சும், உலோகக் கட்டையில் மோதுகிற சத்தமும் அதே பேட்டையில்தான் வந்து குடியேறுகின்றன. விளைவு, பாடுபவர் என்ன சொன்னார் என்பதே தெரிவதில்லை. டோலக்கின் அடித்தட்டு ஏற்கெனவே ‘கும்’ என்று வளைந்து வளைந்து பேசுகிறது. பேஸும் நீளமாக ஒலித்தால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுகிற மாதிரி. சட்டென்று அடங்குகிற ஃப்ளாட்வவுண்ட், டோலக்குக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். கானாவுக்கு அந்த மரியாதை தெரிந்த பேஸ்தான் வேண்டும்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ‘அண்ணே, இப்ப யாரு மேடையில கேக்குறாங்க? எல்லாம் போன்லதான். போன் ஸ்பீக்கர்ல ஃப்ளாட்டு கேக்கவே கேக்காது.’ உண்மை. பேஸின் மிகத் தடித்த கம்பி சும்மா தட்டினால் 41 ஹெர்ட்ஸ். போனின் தம்மாத்துண்டு ஸ்பீக்கருக்கு அது எட்டாக் கனி. அதன் மேல் சுரங்களை மட்டும் கேட்டு, அடிச் சுரத்தை நம் மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. மேல் சுரம் அதிகமுள்ள ரவுண்ட்வவுண்டுக்கு இதில் லாபம்தான்.

ஆனால் மோடவுனும் இதே பிரச்னையோடுதான் மல்லுக்கட்டியது. அன்றைய அமெரிக்கப் பையன்கள் கேட்டது கார் ரேடியோவிலும் பாக்கெட் டிரான்சிஸ்டரிலும். அதனால் ஸ்டூடியோவிலேயே சின்ன ஸ்பீக்கர் வைத்துப் போட்டுப் பார்த்துத்தான் வெளியிட்டார்கள். கம்பியை மாற்றச் சொல்லவில்லை. அடிக்கம்பியிலேயே படுத்துக் கிடக்காமல் ஜேமர்சன் மேலே ஏறி இறங்கி வாசித்தார். நடு அலைவரிசையைக் கொஞ்சம் தூக்கினார்கள். அவ்வளவுதான். போனில் கேட்கவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் கம்பியில் இல்லை, வாசிப்பிலும் மிக்ஸிங்கிலும்தான்.

‘தாத்தா காலத்து சவுண்டு’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. பளபளப்பான ரவுண்ட்வவுண்ட் ராக் இசையில் பரவியது 60-களின் நடுவில். அதற்கு முன்பு எல்லோரும் ஃப்ளாட்தான், பீட்டில்ஸ் உட்பட. அதனால் வந்த பெயர். ஆனால் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் குதிரைப் பாய்ச்சலில் வாசிப்பது ஃப்ளாட்வவுண்டில். அவர் ஜேமர்சனுக்கு நேர் எதிர், அடிக்கடி புதுக் கம்பி மாட்டுகிற ஆசாமி. அதனால் கட்டைவிரலால் அறைந்து வாசிக்கிற ‘ஸ்லாப்’ பாணிதான் உங்கள் தொழில் என்றால் மட்டும் ரவுண்ட்வவுண்டிலேயே இருங்கள். அதில் மணிச் சத்தம்தான் அழகு.

கடைசியாக, காசு. வடசென்னையின் உப்புக் காற்றில் சைக்கிள் செயினே துருப்பிடிக்கிறது, கிடார் கம்பி எம்மாத்திரம்? ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் போய் உட்கார்ந்துவிடும். சில வாரத்தில் சத்தம் செத்துவிடும். கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து உயிர் கொடுக்கிற வைத்தியம் உலகம் பூராவும் உண்டு. (வீட்டில் இட்லிப் பானையைக் கேட்காதீர்கள்.) அந்த உயிரும் கொஞ்ச நாளைக்குத்தான். ஃப்ளாட்வவுண்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு செட் ரவுண்ட்வவுண்ட் மாற்றுகிறவருக்கு வருடத்துக்கு நாலு செட். அதில் பாதிச் செலவில் ஃப்ளாட்வவுண்ட் மாட்டினால் வருடக்கணக்கில் ஓடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலமா, 30 அங்குலமா என்று அளந்துகொண்டு போங்கள், இரண்டுக்கும் வேறு வேறு செட். தடிமன் 45–105 என்பது நடுத்தரம். ஃப்ளாட்வவுண்ட் பலவற்றில் இழுவிசை அதிகம், அதனால் மாட்டியதும் கழுத்து லேசாக வளையலாம். உள்ளே இருக்கும் ராடைத் தெரிந்தவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை வெட்டுமுன் கம்பியை மடக்கிவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் சுற்று பிரிந்து காசு போச்சு. மாட்டின முதல் வாரத்தில் கொஞ்சம் ‘ணங்’ இருக்கும். தோசை மாவு மாதிரி, புளிக்க விடவேண்டும்.

காசே இல்லையா? இருக்கிற பழைய கம்பிக்கு அடியில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுங்கள். ஜேமர்சனின் பேஸிலும் அங்கே ஒரு ஸ்பாஞ்ச் இருந்தது. முக்கால்வாசி ‘தும்’ இலவசமாகக் கிடைக்கும்.

அப்புறம் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாருங்கள். முதலில் பெரிய ஸ்பீக்கரில், பிறகு போனில், கடைசியில் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத யாராவது ஒருவரிடம். செத்தவர் பேர் என்ன என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் உங்கள் கம்பி சரி.