ஆப்பெரா இசைத்தட்டுகளும் அவற்றின் அடையாள எண்களும்

மேலை இசை நாடகமான ஆப்பெராவின் ஒலிப்பதிவு வரலாற்றை ஆராய்வோருக்குப் பாடகர் பெயரும் பாடலின் முதலடியும் மட்டும் போதிய சான்றுகள் ஆவதில்லை. லியோன்கவல்லோவின் ‘பாலியாச்சி’யில் வரும் ‘வெஸ்தி லா ஜூப்பா’ என்ற தனிப்பாடலை என்ரிக்கோ கரூசோ 1902இல் மிலான் நகரிலும், 1904, 1907 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் விக்டர் நிறுவனத்துக்காகவும் பதிவு செய்தார். முதல் இரண்டும் பியானோ துணையுடனும் மூன்றாவது வாத்தியக் குழுவுடனும் அமைந்தவை. இவற்றை ஐயமறப் பிரித்தறியத் தட்டில் உள்ள எண்களே உதவுகின்றன.

பழைய தட்டுகளில் இருவகை எண்கள் முதன்மையானவை. விற்பனைக்காகத் தரப்பட்டது பட்டியல் எண். பாடல் பதிவான மூலத்தகட்டைக் குறிப்பது மேட்ரிக்ஸ் எண். 1907ஆம் ஆண்டுப் பதிவின் பட்டியல் எண் 88061, மேட்ரிக்ஸ் எண் சி-4317-1. இதில் ‘சி’ என்பது 12 அங்குலத் தட்டையும், 4317 என்பது நிறுவனப் பதிவேட்டின் வரிசையையும், இறுதியிலுள்ள 1 என்பது முதல் முறை பாடியதையும் சுட்டும். 1923இல் விக்டரின் சிவப்பு முத்திரைத் தட்டுகள் இருபக்கத் தட்டுகளாக மாறியபோது பட்டியல் எண்கள் மாறின. மேட்ரிக்ஸ் எண்கள் மாறவில்லை.

லண்டன் கிராமபோன் கம்பெனியின் பட்டியல் எண்ணே ஒரு வகைப்பாடாக இருந்தது: 52000 வரிசை இத்தாலிய ஆண் குரலுக்கும், 53000 இத்தாலியப் பெண் குரலுக்கும், 42000 ஜெர்மானிய ஆண் குரலுக்கும் உரியது, முன்னால் ஒரு சுழியம் சேர்ந்தால் அது 12 அங்குலத் தட்டு. மேட்ரிக்ஸ் எண்ணை அடுத்து வரும் சிற்றெழுத்து பதிவு செய்த வல்லுநரையும் தட்டின் அளவையும் உணர்த்தியது. ‘பி’ என்றால் பிரெட் கெய்ஸ்பெர்க் பதிந்த 10 அங்குலத் தட்டு, ‘சி’ என்றால் அவரே பதிந்த 12 அங்குலத் தட்டு. மூலத்தகடு தேய்ந்தபின் மீண்டும் பாடிப் பதிந்ததைப் பழைய பட்டியல் எண்ணிலேயே வெளியிடும் வழக்கமும் இருந்ததால், பட்டியல் எண்ணை மட்டும் நம்பினால் ஆய்வு தடம் புரளும்.

1948இல் நெடுந்தட்டும் அதையொட்டிக் காந்த நாடாவும் வந்தபின், பல நாள் பதிவுகளை வெட்டி ஒட்டி ஒரு பக்கம் உருவானது. ஆகவே மேட்ரிக்ஸ் எண் ஒரு பாடும் பொழுதைக் குறிப்பதை விட்டுத் தட்டின் ஒரு பக்கத்தைக் குறிக்கலானது. 1958இல் ஜார்ஜ் ஷோல்ட்டி வியன்னாவில் நடத்திய வாக்னரின் ‘தாஸ் ரைன்கோல்ட்’ எஸ்.எக்ஸ்.எல். 2101 முதல் 2103 வரையிலான டெக்கா தட்டுகளில் வெளிவந்தது. டெக்கா தட்டுகளின் நடுவில், வரிப்பள்ளம் முடியும் இடத்தில் காணப்படும் ‘பக்கிங்ஹாம்’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள், 1 முதல் 9 வரையும் சுழியமுமாக, அச்சுத் தகட்டின் வரிசையைச் சொல்கின்றன. அவை பாடிய நாளைச் சொல்வதில்லை.

1986இல் பன்னாட்டுத் தரமாக வந்த ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 குறிகள் கொண்ட குறியீடு ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் தனித்தனியே வழங்கப்படுகிறது. அதிலுள்ள ஆண்டு குறியீடு தரப்பட்ட ஆண்டேயன்றிப் பாடிய ஆண்டன்று. இடைவெளியின்றித் தொடரும் ஓர் அங்கத்தை ஒவ்வொரு பதிப்பும் வெவ்வேறு தடங்களாகப் பிரிக்கும்போது குறியீடுகளும் பெருகுகின்றன.

உரிமைத்தொகையைப் பகிர இக்குறியீடு இன்றியமையாதது. வரலாற்றுக்கோ அது போதாது. எனவே பழைய ஆப்பெராக்களை மறுபதிப்புச் செய்வோரும் காப்பகத்தாரும் புதிய குறியீட்டோடு மூல மேட்ரிக்ஸ் எண்ணையும் பதிவு நாளையும் தவறாது குறிப்பிடுதல் வேண்டும்.