நோட்டுஸ்வரமும் ஸ்காட்லாந்து மெட்டும்

முத்துசாமி தீட்சிதர் (1775–1835) என்றவுடன் நவாவரணக் கீர்த்தனைகளின் நிதானமும் கமகச் செறிவும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவரே மேலைநாட்டு மெட்டுகளுக்கு ஏறக்குறைய நாற்பது சிறு பாடல்கள் இயற்றினார் என்பதை இசை பயில்வோர் அறிவர். இலக்கியம் பயில்வோர் அத்துணை அறியார். 'நோட்டுஸ்வர சாகித்தியம்' எனப்படும் இவற்றை இளமைக்கால விளையாட்டு என ஒதுக்குவாரும் உளர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்துமா?

திருவாரூரில் பிறந்த தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார்களின் ஆதரவில் சில காலம் வாழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டைப் பாண்டு வாத்தியம் அப்போது அவர்களுக்கு அறிமுகமாயிற்று. தம்பி பாலுசாமி வயலின் கற்றார். தமையனார் மெட்டுகளைச் செவியில் வாங்கிச் சொல் அமைத்தார். 'லார்டு மக்டொனால்டு ரீல்' என்னும் ஸ்காட்லாந்து நடன மெட்டு 'ஜகதீச குருகுஹ' ஆயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் பீத்தோவனும் ஸ்காட்லாந்து மெட்டுகளைக் கையாண்டார் என்பது வியப்புக்குரியது. எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் தாம்சன் மெட்டுகளை அனுப்ப, பியானோ, வயலின், செல்லோ ஆகியவற்றுக்கு அவர் இசையமைத்தார். இருபத்தைந்து பாடல்கள் கொண்ட தொகுதி 1818இல் வெளிவந்தது. பியானோப் பகுதி கடினமாயுள்ளது எனத் தாம்சன் குறைகூறுவார். பீத்தோவன் மெட்டைச் சுற்றி மாளிகை எழுப்பினார். தீட்சிதரோ சுற்றியிருந்த இசைக்கோலம் அனைத்தையும் களைந்து, மெட்டை மட்டும் தனியே நிறுத்திப் புதுச்சொல் பெய்தார்.

அச்சொல்லமைப்பே ஈண்டு ஆராயத்தக்கது. கீர்த்தனையில் இசை சொல்லுக்காகச் சற்றே வளையும். ரீல் மெட்டு வளையாது. அதன் விரைந்த ஒலிகளில் குறிலும் நீண்ட ஒலிகளில் நெடிலும் விழுந்தாக வேண்டும். ஆயத்த மெட்டுக்குக் காவடிச்சிந்து எழுதிய புலவர் இவ்விடர்ப்பாட்டை நன்குணர்வர். வடமொழித் தொகைச்சொற்கள் தீட்சிதருக்கு இதில் கைகொடுத்தன. ஆயினும் அதற்கொரு விலையும் உண்டு: அடைமொழிகள் அடுக்கி வருகின்றனவேயன்றி, பொருள் வளர்வதில்லை. இவற்றைச் சங்கராபரணம் என்று குறித்தாலும், கமகமின்மையால் அவ்விராகத்தின் முழு உருவமும் தோன்றுவதில்லை. எனினும் 'சந்ததம் பாஹிமாம்' என்பதில் ஒரு துணிவு உண்டு. ஆங்கில மன்னரைக் காக்குமாறு வேண்டும் 'காட் சேவ் தி கிங்' மெட்டில், இசைத்தெய்வமான சியாமளையிடம் தன்னைக் காக்குமாறு பாடுகிறது அது. மன்னர் இருந்த இடத்தில் அம்மை அமர்ந்துவிட்டாள். இதனை வெறும் போலி எனக் கூறுவது எங்ஙனம்?

மெட்டுகள் ஊர்விட்டு ஊர் சென்று பெயர் மாறுதல் புதிதன்று. அதே ரீல் அமெரிக்கா சென்று 'லெதர் பிரீச்சஸ்' என்னும் பிடில் மெட்டாயிற்று. சிடாம் கிரித் தோட்டத்துப் பள்ளி மாணவன் நாள்தோறும் பாடும் 'நெகாராகூ' மெட்டும் பேராக் மாநிலப் பண்ணாக இருந்து 1957இல் நாட்டுப்பண் ஆனதே.

சுப்பராம தீட்சிதர் 1905இல் தெலுங்கில் வெளியிட்ட தொடக்கப் பாடநூலில் இவற்றுள் 33 இடம்பெற்றன. இன்றும் குழந்தைகள் இவற்றை முதற்பாடங்களுள் ஒன்றாகக் கற்கின்றனர். கற்பிக்கும் ஆசிரியர் பாடலின் பெயரோடு மெட்டின் பழம்பெயரையும் கரும்பலகையில் எழுதலாம்.