சிபிலுக்குத் தெரியாத நெஞ்சுவலி

சாமல்பட்டிக்காரர் ஒருவர் ஓசூர் ஆலையில் மாதம் 22,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இஎஸ்ஐ வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய், அதைத் தாண்டிவிட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இவர் வசதியானவர். கம்பெனியே காப்பீடு எடுத்திருந்தால் பிழைத்தார். இல்லாவிட்டால், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று எல்லை தாண்டி பெங்களூரு தனியார் மருத்துவமனைக்கு ஓடிய அன்றே கடனாளி.

அந்த மருத்துவமனைப் பாக்கி, கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் சிபில் நிறுவனத்துக்கு நேராகப் போகாது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி, நிதி நிறுவனம் போன்ற கடன் கொடுப்போரின் கணக்குகளே அங்கே பதிவாகின்றன. அமெரிக்காவில் அப்படியில்லை. சுமார் 1.5 கோடி பேரின் கடன் அறிக்கையிலிருந்து 4,900 கோடி டாலர் மருத்துவப் பாக்கியை நீக்க, 2025 ஜனவரியில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது. ஜூலையில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அவர்கள் மூடத் தவிக்கும் கதவு இங்கே முதலிலிருந்தே இல்லை.

பெருமைப்பட அவசரம் வேண்டாம். இங்கே பில்லைக் கட்டாமல் நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போவதே பெரும்பாடு. ஆகவே நகை வங்கிக்குப் போகிறது. தனிநபர் கடன், தவணை அட்டை, மனைவி பெயரில் குழுக்கடன் என்று வரிசை நீள்கிறது. எதுவும் கிடைக்காதவருக்கு மீட்டர் வட்டி. பில் வங்கிக் கடனாக மாறிய நொடியில் நோய் மறைந்துவிடுகிறது. பைக் வாங்கிய கடனில் தவறிய தவணையும் இதயக் குழாய் அடைப்பை நீக்க வாங்கிய கடனில் தவறிய தவணையும் சிபில் அறிக்கையில் ஒன்றே: எத்தனை நாள் தாமதம் என்ற எண். பேரம் பேசிக் குறைத்துக் கட்டி முடித்தாலும் ‘செட்டில்டு’ என்ற முத்திரை நிற்கும். அடுத்த கடனுக்குப் போனால் முகம் சுளிப்பார்கள்.

அதற்காகப் பதிவே வேண்டாம் என்பது சரியல்ல. 2010இல் ஆந்திராவில் ஒரே பெண்ணுக்குப் பல குறுநிதி நிறுவனங்கள் மாற்றி மாற்றிக் கடன் கொடுத்ததால் வந்த நெருக்கடியை நாடே பார்த்தது. குடும்பத்தின் மாதத் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022 குறுநிதி விதி, பழைய கடன்கள் கண்ணில் பட்டால்தான் வேலை செய்யும். நல்ல சிபில் மதிப்பெண் இருப்பவர் மீட்டர் வட்டிக்காரரிடம் போக வேண்டியதும் இல்லை.

கோளாறு, இந்த மதிப்பெண்ணை நடத்தைச் சான்றிதழாக்குவதில்தான். மோசமான சிபில் அறிக்கையால் ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்ற வாதத்தில் பொருளுண்டு. ஆனால் ஒழுக்கக்கேட்டையும் மாரடைப்பையும் பிரித்தறியாத ஏட்டை வைத்து அதை அளக்க முடியுமா?

ரிசர்வ் வங்கியின் சீர்திருத்தங்கள் பிழையான தகவலைக் குறிவைப்பவை. புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. தகவல் உண்மை, காரணம் மட்டும் பதிவில் இல்லை என்பவருக்கு அதனால் பயனில்லை. இத்தனைக்கும் முன்னுதாரணம் இருக்கிறது: கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை தள்ளிவைக்கப்பட்டபோது, அது கடன் வரலாற்றைப் பாதிக்கக் கூடாது என்று இதே வங்கிதான் சொன்னது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுபவருக்கு மூன்று மாதம் அதே சலுகை கொடுத்தால் போலிச் சான்றுகள் வரும் என்பார்கள். வரலாம். காப்பீட்டு நிறுவனங்கள் அதே காகிதத்தைத்தான் அன்றாடம் சரிபார்த்துப் பணம் கொடுக்கின்றன.