வரப்பைப் படிக்கும் கண்கள்

கோவளத்தைத் தாண்டித் தெற்கே போனால் வடநெம்மேலி. இருளர் பழங்குடியினரின் பாம்புபிடிக் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான். வரப்பில் நமக்கு வெறும் புழுதியாகத் தெரிவது அவர்களுக்குப் பாம்பின் தடம். எச்சத்தையும் உரித்த சட்டையையும் பார்த்து, எந்த வளையில் எந்தப் பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். மழைக்குப் பிறகு எந்தப் புற்றில் ஈசல் கிளம்பும் என்பதும் தெரியும். என்ன கண்கள்!

அவர்கள் நம்பியிருந்த பாம்புத்தோல் வியாபாரத்துக்கு 1970களில் தடை வந்தபோது பிழைப்போடு இந்த அறிவும் அழிந்திருக்கும். 1978இல் தொடங்கிய சங்கம் அதை விஷமுறிவு மருந்தின் பக்கம் திருப்பியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எதுவானாலும் விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2023இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கடப்பாரையோடு காடுமேடெல்லாம் நடந்து கற்ற படிப்புக்கு மிகத் தாமதமாக வந்த மரியாதை அது.