முதலில் காலியாகும் சம்படம்

எங்கள் பக்கத்து விசேஷ வீடுகளில் இனிப்புக்குப் பஞ்சமே கிடையாது. திருநெல்வேலியிலிருந்து வருபவர் அல்வா இல்லாமல் வரமாட்டார். கோவில்பட்டிக்காரர் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகளோடுதான் பஸ்ஸை விட்டு இறங்குவார். தூத்துக்குடிக்காரர்களான எங்கள் பங்குக்கு மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்து கூம்பாக நிற்கிற அந்த அதிசயத்தை நான் குறை சொல்வேனா? மாட்டேன். ஆனால் அல்வாவில் ஒரு துண்டு, மக்ரூனில் இரண்டு, அதற்குமேல் ஒரு லட்டு என்று உள்ளே போனபிறகு நாக்கு உப்புக்கும் காரத்துக்கும் ஏங்கும் பாருங்கள், அந்த நேரம் பார்த்து ஒரு சம்படத்தைத் திறந்து நீட்ட வேண்டும். உள்ளே, ஓரம் லேசாகச் சிவந்து, மேலே மிளகு தெரிய, வீட்டில் சுட்ட சீஸ் பிஸ்கட்! கை நீட்டாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதன்மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு என்பதை ஒத்துக்கொண்டே எழுதுகிறேன். வளைகாப்பா, பிறந்தநாளா, புதுமனை புகுவிழாவா, பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5-ஆம் தேதி வந்து இறங்கும் சொந்தபந்தமா, எது என்றாலும் என் கை முதலில் போவது ஃப்ரிட்ஜில் இருக்கும் வெண்ணெய்க் கட்டிக்குத்தான்.

‘கடையில் கிடைக்காததா?’ என்பார்கள். கிடைக்கும். பார்க்கவும் அழகாக இருக்கும். வாயில் போட்டால் மேலண்ணத்தில் வனஸ்பதி ஒட்டும், சீஸ் பெயரளவுக்கு எங்கோ ஒளிந்திருக்கும். வீட்டில் செய்யும்போது பிஸ்கட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சீஸ் போடலாம். எந்தக் கடைக்கும் அது கட்டுப்படியாகாது. ரகசியம் என்று ஏதாவது இருந்தால் இது ஒன்றுதான்.

கணக்கு மனப்பாடமாகிவிடும். வெண்ணெய் 100 கிராம், துருவிய சீஸ் 100 கிராம், மைதா 100 கிராம், அதோடு அரிசி மாவு 20 கிராம். அரை டீஸ்பூன் கடுகுப் பொடி, ஒரு டீஸ்பூன் ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள். எங்கள் வீட்டில் ராமநாதபுரம் முண்டு வத்தலை வறுத்துத் திரித்த தூள். உப்பு? வேண்டவே வேண்டாம். சீஸிலேயே உப்பு இருக்கிறது. அதனால்தான் வெண்ணெயையும் உப்பில்லாததாக வாங்கச் சொல்கிறேன். கடுகுப் பொடியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். வாயில் கடுகு தனியாகத் தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் சீஸின் சுவை பாதியில் நின்றுவிடும்.

குளிர்ந்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக்கி மாவில் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது. புட்டு மாவுப் பதத்துக்கு வந்ததும் சீஸையும் மசாலாவையும் சேர்த்து அப்படியே அழுத்தித் திரட்டினால் போதும், தண்ணீரே தேவைப்படாது. இங்கே நடப்பது என்னவென்றால், மாவின் ஒவ்வொரு துகளையும் வெண்ணெய் போர்த்திவிடுகிறது. ஈரம் உள்ளே போக வழியில்லை. ஈரம் போகாவிட்டால் மைதாவில் பசைத்தன்மை, அதாவது குளூட்டன், இழுத்துப் பிடிக்காது. சப்பாத்தி மாவுக்கு எது வேண்டுமோ அது பிஸ்கட்டுக்கு ஆகாது. நம் வீட்டுப் பெரியவர்கள் முறுக்கு மாவில் ஒரு கரண்டி வெண்ணெயைப் போட்டுப் பிசைவார்களே, அதே சங்கதிதான். அரிசி மாவில் குளூட்டன் கிடையவே கிடையாது. ஸ்காட்லாந்துக்காரர்கள்கூடத் தங்கள் ஷார்ட்பிரெட்டில் மொறுமொறுப்புக்காக அரிசி மாவு சேர்ப்பதுண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஒரே பெருமை. அரிசி மாவின் அருமையை நமக்கு யாராவது சொல்லித் தரவா வேண்டும்!

இனி சீஸ். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் மெல்ல எழுந்து போய்விடுவார்கள். நீங்களாவது இருங்கள்.

தெருமுனைக் கடையில் கிடைக்கும் கட்டி சீஸ் பெரும்பாலும் பதப்படுத்திய வகை. செடார் போன்ற சீஸை உருக்கி, சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்து மறுபடி கட்டியாக்கியது. அந்த உப்புகள் இருப்பதால் சூட்டில் கொழுப்பு பிரிந்து ஒழுகாது, பிஸ்கட் வடிவம் குலையாது. ஆனால் சுவை சாதுவாக இருக்கும். மாதக்கணக்கில் பழுக்கவைத்த செடார் வேறு ஜாதி. நாள் ஆக ஆக அதிலுள்ள புரதமும் கொழுப்பும் உடைந்து, லேசான புளிப்பும் கொட்டைப்பருப்பு மணமுமாக ஓர் ஆழம் வந்துவிடும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். நான் இரண்டையும் சரிபாதி சேர்க்கிறேன்: வடிவத்துக்கு ஒன்று, ருசிக்கு ஒன்று. பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லாவை இங்கே கொண்டுவராதீர்கள். அதில் ஈரம் அதிகம், நூலாக இழுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ரொட்டிக்கு நடுவே வைக்கும் ஸ்லைஸும் வேண்டாம். கொடைக்கானலில் சீஸ் செய்கிறார்கள், ஆரோவில்லிலும் செய்கிறார்கள். கொடைக்குப் போகிற உறவினர்கள் ‘சாக்லேட் வாங்கிட்டு வரட்டா?’ என்று கேட்டால், ‘சாக்லேட் கெடக்கட்டும், சீஸ் வாங்கிட்டு வாங்க’ என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

சைவச் சாப்பாட்டில் கறாரான பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்ப்பார்களாமே? ஐரோப்பாவில் பழைய முறையில் செய்யும் சில சீஸ்களில் அது உண்டு. நம்மூரில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸில் விலங்கு ரென்னெட் இருக்கக் கூடாது. நுண்ணுயிர்களிலிருந்து எடுக்கும் நொதியே அந்த வேலையைப் பார்க்கிறது. எங்கள் சித்தப்பாவிடம் உறையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் புள்ளியைப் பார்த்தார். அப்புறம் அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை.

தூத்துக்குடி வெயிலில் வெண்ணெய்ப் பண்டம் செய்வது சாதாரண காரியமில்லை. மாவைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கைச்சூட்டிலேயே கசிய ஆரம்பித்துவிடும். அதனால் என் வழக்கம் இது: விடிகாலையில், அடுப்பு எதுவும் பற்றவைப்பதற்கு முன்னால் மாவைத் திரட்டிவிடுவேன். கழுவிக் காயவைத்த பால் கவரை வெட்டி விரித்து, மாவை நடுவில் வைத்து, மேலே இன்னொரு கவரைப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தேய்ப்பேன். அரை சென்டிமீட்டர் கனம். ஒட்டாது, உதிர்மாவு தூவவும் தேவையில்லை. அப்படியே ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். வெண்ணெய் மறுபடி இறுகினால்தான் அவனில் பரவி ஓடாமல் நிற்கும். பிறகு கத்தியால் டைமன் டைமனாக வெட்டிவிடுவேன். மாவு வீணாகாது. குழந்தைகள் இருந்தால் நட்சத்திர அச்சு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

அவனை 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, தட்டை நடு அடுக்கில் வைத்து, 12 முதல் 15 நிமிடம். வீட்டு ஓடிஜிக்களில் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் சூடு அதிகம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

ஆகா, அந்தக் கடைசி ஐந்து நிமிடம்! முதலில் வெண்ணெய் உருகும் வாசனை வரும். அதன் பின்னாலேயே மிளகு. அப்புறம்தான் வரும் பாருங்கள், சீஸின் ஓரங்கள் சிவக்கத் தொடங்கும் அந்த மணம். பால் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கைகோக்கும்போது பிறக்கும் மணம் அது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வேதியியலால்தான். எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் பக்கத்து வீட்டு மாடிப்படியைப் பார்த்து இருக்கிறது. தட்டை வெளியே எடுப்பதற்குள் அங்கிருந்து குரல் வந்துவிடும்: ‘மதினி, என்ன செய்றீங்க? வாசம் ஆளத் தூக்குது!’

சூடாக எடுத்ததும் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். பயப்படாதீர்கள், தொடாதீர்கள். ஆற ஆற இறுகும். ஆறிய முதல் பிஸ்கட்டைக் கடிக்கும்போது ‘மொறுக்’ என்று ஒரு சத்தம், மறுநொடி அது பொடிந்து கரைந்து, சீஸ் நாக்கு முழுக்கப் பரவி, தொண்டையில் மிளகு ஒரு சின்னக் கிள்ளு கிள்ளும். இதற்குமேல் விவரிக்க எனக்குத் தமிழ் போதவில்லை.

தங்கச்சியின் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு சின்னக் கவரில் நாலு நாலு சீஸ் பிஸ்கட் போட்டுக் கொடுத்தோம். எங்கள் ஆச்சி முதலில் முகத்தைச் சுளித்தாள். ‘மங்கல காரியத்துக்கு இது என்னளா, பிஸ்கோத்து?’ ஒன்றை உடைத்து, பல்லில்லாத பக்கம் ஒதுக்கி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டு மெதுவாக, ‘எனக்குத் தனியா ஒரு டப்பால எடுத்து வையி. ஒங்க மாமாக்கிட்ட சொல்லாத’ என்றாள். பல் இல்லாதவர்களும் சாப்பிட முடிகிற கார பலகாரம் நம்மிடம் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்? முறுக்கு ஆகாது, தட்டை ஆகாது, சாத்தூர் காராச்சேவு ஆகவே ஆகாது. இது வாயில் வைத்தாலே உதிர்ந்துவிடும்.

இன்னொரு பெரிய சௌகரியம் உண்டு. தீபாவளிக்கு முந்தின நாள் நம் வீட்டுப் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? எண்ணெய்ச் சட்டி முன்னால். முகம் வெந்து, முதுகு வலித்து, கடைசியில் வாசனையே திகட்டிப்போய், சுட்டவளே ஒரு முறுக்கு தின்னாமல் படுத்துவிடுவாள். சீஸ் பிஸ்கட்டுக்கு அந்த நிற்றல் இல்லை. தட்டை அவனுக்குள் தள்ளிவிட்டு மருதாணி வைக்கப் போகலாம். மாவை உருளையாகச் சுருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் கெடாது. திடீரென்று மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று போன் வந்தால், எடுத்து வட்டம் வட்டமாக நறுக்கிச் சுட வேண்டியதுதான். இதற்காகவே நான் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன்.

சேர்மானங்களை மாற்றி விளையாடலாம். பெங்களூர் ஐயங்கார் பேக்கரிகளின் காரா பிஸ்கட்டைச் சாப்பிட்டவர்களுக்குப் பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி சேர்ந்த அந்த ருசி மறக்காது. அதே கூட்டணியைச் சீஸோடு சேர்த்தால் பிரமாதம். கறிவேப்பிலையை மட்டும் மொறுமொறுவென வறுத்து நொறுக்கிப் போடுங்கள், ஈரத்தோடு போடாதீர்கள். எள் தூவலாம், ஓமம் தூவலாம். பூண்டு எனக்குப் பிடிக்கவில்லை, அது சீஸை அமுக்கிவிடுகிறது.

உடம்புக்கு நல்லதா என்று கேட்காதீர்கள். இவ்வளவு வெண்ணெய் போட்ட பண்டத்துக்கு நான் ஆரோக்கியச் சான்றிதழ் தரமாட்டேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பு இல்லையே என்று ஆறேழு எடுப்பதும் தப்பு, மைதா மைதாதான். விசேஷ நாளில் இரண்டு, மூன்று, அவ்வளவே. காற்றுப் புகாத எவர்சில்வர் சம்படத்தில் ஒரு வாரம் இருக்கும். கடற்கரை ஊர்களில் நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

வருகிற பண்டிகைக்கு ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். மேலே சொன்ன அளவுக்கு 40 பிஸ்கட் போல வரும். ஆனால் மாவை அதற்கு இரண்டு மடங்காகவே திரட்டுங்கள். விருந்தாளி வாசல்படி ஏறுவதற்குள் வீட்டு ஆட்களே பாதியைக் காலி செய்துவிடுவார்கள்.