மூன்றாம் இடம் பெற்ற கணிப்பொறிக் கூட்டம்

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2003-ஆம் ஆண்டில் 1,100 ஆப்பிள் மேசைக் கணிப்பொறிகளைப் பிணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரை அமைத்தது. பெட்டிகளைத் தூக்கி அடுக்கியவர்கள் மாணவத் தொண்டர்கள். ‘சிஸ்டம் எக்ஸ்’ எனப்பட்ட அது விநாடிக்குப் பத்து இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைச் செய்து, அவ்வாண்டு நவம்பரில் டாப் 500 என்னும் உலகப் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது. செலவு சுமார் 52 இலட்சம் டாலர்தான். இந்த மலிவு விலை பெருஞ்சாதனையே. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அதை இயக்கியது மேக் ஓஎஸ் எக்ஸ். தனியொருவர் மேசைமீது வைத்துப் பயன்படுத்தவென்றே முதன்மையாக உருவான இயங்குதளம் அது. இயங்குதளம் என்பது யாது? எந்த வேலை எப்போது நடக்கவேண்டும், யாருக்கு எவ்வளவு நினைவகம் என்றெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளர் என்று கொள்ளலாம். ஆயிரம் பொறிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும்போது அந்த மேலாளரின் சிறு பழக்கங்கள்கூடப் பெரிதாகிவிடுகின்றன.

அதே பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ‘ஆஸ்கி க்யூ’ இதற்கு நல்ல சான்று. 8,192 செயலிகள் கொண்ட அதில் ஓர் ஆய்வு நிரல், எதிர்பார்த்ததில் பாதி வேகத்தில்தான் ஓடியது. காரணம் தேடிய ஆய்வாளர்கள், ஒவ்வொரு பொறியிலும் இயங்குதளம் இடையிடையே விழித்துத் தன் சில்லறை வேலைகளைப் பார்ப்பதைக் கண்டார்கள். தனிப்பொறிக்கு அது அற்ப நேரம். ஆனால் பந்தியில் கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை எவரும் எழ முடியாதல்லவா? ஒரு பொறி தாமதித்தால் ஏனைய எல்லாமே காத்திருந்தன. அவ்வேலைகளுள் சிலவற்றை நீக்கி, சிலவற்றை ஓரிரு பொறிகளில் ஒதுக்கியதும், புதிய கருவி ஒன்றும் வாங்காமலே வேகம் ஏறத்தாழ இரட்டித்தது. பட்டியலுக்கான சோதனையோ பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது. அதில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஆகவே பட்டியலில் பெற்ற இடத்தைக் கொண்டு இயங்குதளத்தை மதிப்பிடுவது தவறு.

மேக் ஓஎஸ் எக்ஸின் கருப்பகுதியான டார்வினுடைய மூலநிரல் வெளியிடப்பட்டிருந்தது என்பதை மறுக்கவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. அதன் எதிர்காலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. பொறிகளைப் பிணைக்கும் இன்ஃபினிபேண்ட் வலையமைப்புக்குரிய மென்பொருளை முதலில் இந்த இயங்குதளத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டிலேயே மேசைப் பொறிகளுக்குப் பதிலாக, நினைவகப் பிழைகளைத் தானே திருத்தும் எக்ஸ்சர்வ் பொறிகள் வைக்கப்பட்டன. (பிழை திருத்தாத நினைவகத்துடன் நாட்கணக்கில் ஓடும் கணக்கை எப்படி நம்புவது? இதை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.) 2005-இல் ஆப்பிள் இன்டெல் சில்லுகளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2009-இல் வந்த அதன் புதிய பதிப்பு பழைய பவர்பிசி சில்லுகளில் ஓடவே ஓடாது. 2011-இல் எக்ஸ்சர்வ் விற்பனையும் நின்றது.

ஸ்பெயினில், கத்தலோனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தின் பழைய தேவாலயம் ஒன்றில் நிறுவப்பட்ட ‘மாரேநோஸ்ட்ரம்’ ஏறக்குறைய இதே குடும்பச் சில்லுகளைக் கொண்டிருந்தது. ஆனால் அங்கே தேர்ந்தது லினக்ஸ். 2012-இல் அங்கும் சில்லு இன்டெலாக மாறிற்று, இயங்குதளம் மாறவில்லை. ஆய்வாளர்கள் தம் நிரல்களை மறுபடி தொகுத்துக்கொண்டு வேலையைத் தொடர முடிந்தது. சிஸ்டம் எக்ஸ் அதே 2012-இல் நிறுத்தப்பட்டது.