ரெக்கார்டு டான்ஸும் பதிப்புரிமை விதிவிலக்குகளும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழகச் சிற்றூர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடைபெறும் ஆடல் பாடல் நிகழ்ச்சி, பேச்சுவழக்கில் ‘ரெக்கார்டு டான்ஸ்’ எனப்படுகிறது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட திரைப்பாடலுக்கு ஆடுவதே இதன் அடிப்படை என்பதை அப்பெயரே உணர்த்தும். இந்நிகழ்ச்சி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஆபாசம், காவல்துறை அனுமதி என்னும் எல்லையைத் தாண்டுவதில்லை. ஒலிக்கும் பாடலுக்கு அனுமதி பெறவேண்டியவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. இவ்வினாவைக் கொண்டு 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் விதிவிலக்குகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பாடலில் அடங்கிய உரிமைகள்

ஒரு திரைப்பாடலில் வரிகள் இலக்கியப் படைப்பாகவும், மெட்டு இசைப் படைப்பாகவும், பதிவு ஒலிப்பதிவாகவும் தனித்தனி உரிமை பெறுகின்றன. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்ந்த பிற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் சமபங்கு உண்டு என 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. எனவே, மேடையில் ஒலிக்கும் பாடலுக்குக் கட்டணம் கோருவதை வணிகப் பேராசை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

விதிவிலக்குகளின் இடைவெளி

பிரிவு 52(1)(இசட்ஏ), உண்மையான சமயச் சடங்கின்போதும் அரசு விழாவின்போதும் பாடல் ஒலிப்பதை உரிமைமீறலிலிருந்து விலக்குகிறது. திருமண ஊர்வலமும் திருமணம் சார்ந்த சமூகக் கொண்டாட்டங்களும் சமயச் சடங்கில் அடங்கும் என அதன் விளக்கம் கூறுகிறது. ஆகவே, திருமண வரவேற்பில் நிகழும் ஆட்டத்திற்குப் பாதுகாப்பு உண்டு. 2023 சூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பும் இதனை வலியுறுத்தியது. ஆனால், அதே குழு திருவிழா இரவில் ஆடும்போது அது ‘சடங்கின்போது’ நிகழ்வதா, சடங்கு முடிந்தபின் நிகழும் கேளிக்கையா என்பதற்குச் சட்டவாசகத்தில் நேரடி விடையில்லை.

பிரிவு 52(1)(எல்), கட்டணமற்ற அவையிலோ சமய நிறுவனத்தின் நலனுக்காகவோ நிகழ்த்தும் குழுக்களைப் பாதுகாக்கிறது. எனினும், அது தொழில்முறையல்லாத குழுக்களுக்கே உரியது. ஒலிப்பதிவையும் அது குறிப்பிடவில்லை. கூலிக்கு ஆடுபவர் இரு நிலையிலும் அதற்குப் புறத்தே நிற்கிறார்.

உரியவரும் பயனரும்

சட்டத்தின் பிரிவு 2(கியூகியூ), நடனக் கலைஞரையும் ‘நிகழ்த்துநர்’ என ஏற்று உரிமை வழங்குகிறது. ஆயின், விதிவிலக்குகள் ஆடுபவரைக் கருதாமல் நிகழ்வின் தன்மையையே அளவுகோலாகக் கொள்கின்றன. இதனால் ஒரே கலைஞரின் ஒரே ஆட்டம் மண்டபத்தில் குற்றமற்றதாகவும் திடலில் ஐயத்திற்குரியதாகவும் ஆகிறது.

அனுமதி வழங்கத் தகுதியுடையவர் யார் என்பதிலும் தெளிவில்லை. பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாத நிறுவனம் ஒலிப்பதிவு உரிமம் வழங்கும் தொழிலை நடத்த இயலாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. உரிமையாளர் என்ற நிலையில் அந்நிறுவனம் உரிமம் வழங்கலாம் எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024இல் மாறுபட்டது. உயர்நீதிமன்றங்களே வேறுபடும் ஒரு வினாவுக்கு, இரவுதோறும் ஊர் மாறும் குழுவினர் விடை காண்பர் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

முடிவுரை

சமய நிகழ்வு, சமயம் சாரா நிகழ்வு என்னும் பகுப்பு இங்குப் போதுமானதன்று. பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கும் காக்கப்பட வேண்டும். கூலி ஆடற்கலைஞர்மீது சுமையும் விழலாகாது. நிகழ்வை ஏற்பாடு செய்பவரே உரிமம் பெறும் பொறுப்புடையவர் எனச் சட்டம் வெளிப்படையாக உரைப்பதும், சிற்றூர் நிகழ்வுகளுக்குப் பதிவுபெற்ற சங்கங்கள் வழியாக எளிய ஒற்றைக் கட்டணம் வகுப்பதும் இவ்விரண்டையும் இணைக்கும் வழிகளாகும்.